இறங்கு பள்ளம்

கொண்டைமலையில் மெய்யம்மை அம்மாவின் குடிலுக்கு ஒரு கார் உண்டு. யாரோ ஒரு பக்தர் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனது. ஏழு பேர் உட்காரலாம். மலைக்காரர்கள் நெருக்கிக்கொண்டு பத்துப் பேர் உட்காருவார்கள். இது அந்தக் காரின் கதை என்று மலையில் சொல்வார்கள். சிற்றம்பலத்தின் கதை என்று நான் சொல்வேன்.

சிற்றம்பலம் அம்மாவின் சீடர். வயதில் அம்மாவைவிட ரொம்பப் பெரியவர். கீழே நகரத்தில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில், பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் நல்லது என்று நம்பாமல் இருப்பதுதான் அங்கே அவர் வேலை. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே பதவி உயர்வு வாங்கினார்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் தனியாக இருந்தார். கதவு பூட்டியாயிற்றா, அடுப்பு அணைந்ததா என்று திரும்பத் திரும்ப எழுந்து பார்த்தார். பார்த்துவிட்டு வந்து படுத்தால், சரியாகப் பார்த்தோமா என்று இன்னொரு சந்தேகம் வரும். தூக்கம் போய்விட்டது. மனசுக்கு அமைதி வேண்டும் என்று மலைக்கு வந்தார்.

அம்மா அவருக்கு மந்திரம் எதுவும் கொடுக்கவில்லை. கார் சாவியைக் கொடுத்தார்.

வியாழக்கிழமைதோறும் மலையில் உடம்புக்கு முடியாதவர்களைக் கீழே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வர வேண்டும். மற்ற நாட்களில் அவசரம் என்றால் யார் வேண்டுமானாலும் குடில் வாசலில் வந்து கூப்பிடலாம். ஒரு மழையில் பாதை அரித்துப்போனதிலிருந்து பஸ்ஸும் ஆம்புலன்ஸும் அடிவாரத்தோடு நின்றுவிடுகின்றன. மேலே இருப்பது இந்த ஒரு கார்தான்.

பாதை மோசமாக அரித்துப்போன இடம் பாதி வழியில், ஓடை குறுக்கே போகிற வளைவில் இருக்கிறது. அங்கே தார் என்று எதுவும் மிச்சமில்லை. பள்ளம், பக்கத்தில் பள்ளம், நடுவில் உருண்டைக் கல். அந்த இடத்தில்தான் சிற்றம்பலம் முதல் முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

டொக்.

முன்பக்கம் இடது சக்கரத்துக்கு அடியிலிருந்து வந்தது. அடுத்த வாரம் வலது பக்கமும் கேட்டது. மற்றவர்கள் யாருக்கும் அது காதில் விழவில்லை. அவர்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் வருவாரா என்ற கவலையில் இருந்தார்கள். சிற்றம்பலத்துக்கு அதைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை.

அடிவாரத்தில் அனீபாவின் பட்டறை. அனீபா வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, குலுக்கலைத் தாங்குகிற ஷாக் இரண்டும் எண்ணெய் கக்கிவிட்டன, ரப்பர் புஷ்கள் தேய்ந்துவிட்டன என்று சொல்லி எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். சத்தம் நின்றது. மனுஷனுக்கு அதோடு நிம்மதி வர வேண்டும். சிற்றம்பலத்துக்கு வரவில்லை. இது எவ்வளவு காலம் வரும் என்று கேட்டார். பார்த்து ஓட்டினால் வரும் என்றார் அனீபா. பார்த்து என்றால் எப்படி, மறுபடியும் தேயாது என்று உறுதி சொல்ல முடியுமா என்று விடாமல் கேட்டார். தன் முட்டிக்கே உறுதி இல்லை என்று சிரித்துவிட்டு அனீபா அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

சிற்றம்பலம் மலையேறி வந்து அம்மாவிடம் கேட்டார். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த வண்டியை நாள்பட நம்பலாமா?"

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தாம்மா. இன்னைக்கு ஓடுது. நாளைக்கு ஓடுமா? அடுத்த வருஷம்?"

அம்மா உரித்த தோலை எல்லாம் முறத்தில் அள்ளி அவரிடம் நீட்டினார். மாட்டுக்குப் போடச் சொல்லிவிட்டு, அடுத்த மொச்சையை எடுத்தார். கேள்விக்குப் பதில் வரவில்லை என்று சிற்றம்பலம் நினைத்துக்கொண்டார்.

பதில் வராத கேள்விக்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்தார்.

அடுத்த வியாழக்கிழமை ஓடை வளைவு வந்ததும் காரை நிறுத்தினார். எல்லோரையும் இறங்கச் சொன்னார். பாரம் இல்லாமல் பள்ளத்தைக் கடந்தால் ஷாக்குக்கு அடி குறைவு, எல்லோரும் நடந்து வந்து அந்தப் பக்கம் ஏறிக்கொள்ளலாம் என்று விளக்கினார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கஷ்டம். மலைக்காரர்கள் நல்லவர்கள். முட்டிவலிக்காரக் கிழவர் இறங்கினார். காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் இறங்கினாள். கையில் கட்டுப் போட்டவன் மற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டான். எல்லோரும் கல்லில் தடுமாறி நடந்து அந்தப் பக்கம் போய் நின்றார்கள். சிற்றம்பலம் தனி ஆளாக, பால் செம்பு தூக்கிப் போகிறவர் மாதிரி, காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

சத்தம் இல்லை. அன்று அவருக்கு நல்ல சந்தோஷம்.

சில வாரத்தில் அது பழக்கமாகிவிட்டது. நிறுத்துவதற்கு முன்பே கதவைத் திறக்க ஆரம்பித்தார்கள். அந்த இடத்துக்கு இறங்கு பள்ளம் என்று பெயர் வந்தது. வள்ளிக்கண்ணு என்று ஒருத்தி அங்கே அடுப்பு வைத்து வியாழக்கிழமைகளில் சுக்குக் காப்பி விற்றாள். நோயாளிகள் இறங்கி, காப்பி குடித்து, மூச்சு வாங்கி, ஏறினார்கள். காருக்கு ஒரு குறையும் இல்லை.

சிற்றம்பலம் அடுத்த படிக்குப் போனார். பல்வலி, சொறி சிரங்கு என்று வருகிறவர்களிடம், வியாழக்கிழமை வரை பொறுக்க முடியுமா என்று கேட்டார். வியாழக்கிழமை வந்தவர்களிடம், உண்மையிலேயே போகத்தான் வேண்டுமா என்று கேட்டார். அதட்டவில்லை, அன்பாகத்தான் கேட்டார். நிஜமான அவசரம் ஒன்று வரும்போது வண்டி நல்லபடியாக இருக்க வேண்டும் அல்லவா என்பார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நல்ல தார்ப்பாய் ஒன்று வாங்கிவந்து காரை மூடி, நாலு முனையிலும் கயிறு கட்டினார்.

ஒரு வியாழக்கிழமை அம்மாவுக்கே கீழே போகும் வேலை இருந்தது. சிற்றம்பலம் காரைத் துடைத்துக் கிளம்பியபோது அம்மாவைக் காணோம். முன்னாடியே நடந்து போய்விட்டதாகச் சொன்னார்கள். வண்டியை விரட்டிக்கொண்டு போய், அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிடித்தார். அம்மாவின் சேலையில் முழங்கால் வரை புழுதி.

"என்னம்மா, வண்டி இருக்கும்போது நடந்து வரீங்க?"

"பள்ளத்துல எப்படியும் இறங்கணுமே ஐயா. அதான் முன்னாடியே இறங்கிட்டேன்."

"எங்கேம்மா?"

"வீட்டுல."

சிற்றம்பலம் இதை யோசித்துப் பார்த்தார். ஒருத்தர் பாரம் குறைந்தது என்று அவருக்குத் தோன்றியது. அம்மாவுக்குக்கூட வண்டியின் மேல் அக்கறை வந்துவிட்டதே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் வருகிற இடம் இதுதான். படித்த மனுஷன், கெட்டவரும் இல்லை, முகத்துக்கு நேரே சொன்னது ஏறவில்லை.

போகப்போக வியாழக்கிழமைக் கூட்டம் குறைந்தது. ஒரு வாரம் யாருமே வரவில்லை. வள்ளிக்கண்ணு அடுப்பைத் தூக்கிக்கொண்டு சந்தைப் பக்கம் போய்விட்டாள். சிற்றம்பலம் அம்மாவிடம் வந்து சொன்னார்.

"மலையில இப்பல்லாம் யாருக்கும் நோய் நொடி இல்லை போலிருக்கும்மா."

"விசாரிச்சீங்களா?"

"வந்தாத்தானே விசாரிக்கிறது."

அம்மா கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்த நேரம், தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடிலுக்கு முன்னால் பாதையில் பேச்சுச் சத்தம் கேட்டு சிற்றம்பலம் எட்டிப் பார்த்தார். சில ஆட்கள் மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். தூளிக்குள் ஒரு பெண். கழியின் முன்பக்கத்தைத் தோளில் வைத்திருந்தவன் மேலூர்ச் சடையன். உள்ளே இருந்தது அவன் பெண்டாட்டி மாதேவி. பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக சடையனின் தாய் ராசம்மா.

மாதேவிக்கு நிறைமாதம் என்பது சிற்றம்பலத்துக்குத் தெரியும். அவளை முதல் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரே அவர்தான்.

அவர்கள் குடில் வாசலில் நிற்கவில்லை. தார்ப்பாய் போர்த்திய காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு, நடந்துகொண்டே இருந்தார்கள்.

சிற்றம்பலம் ஓடிப்போய் வழியை மறித்தார். வலி எப்போது கண்டது என்று கேட்டார். விடிந்ததிலிருந்து என்றாள் ராசம்மா. தலைப்பிள்ளை, தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது, குழந்தை திரும்பவில்லை என்று மருத்துவச்சி பயப்படுகிறாள் என்றாள். அவளுக்கும் பயம்தான்.

"என்னைக் கூப்பிட்டா என்னப்பா?" என்றார் சிற்றம்பலம்.

சடையன் கழியைத் தோள் மாற்றினான். அவன் குரலில் குத்தலோ வருத்தமோ இல்லை. தெரிந்த கணக்கைச் சொல்வது போலச் சொன்னான்.

"கூப்பிடலாம்னுதான் சாமி பார்த்தோம். ஆனா பள்ளத்துல இறங்கி நடக்கணும். இவளால நடக்க முடியாது. அதான், மேலேயிருந்தே தூக்கிட்டோம்."

சிற்றம்பலத்துக்கு உடம்பு முழுக்க அவமானம்.

அதற்குள் பின்னால் கயிறு அவிழ்கிற சத்தம் கேட்டது. மெய்யம்மை அம்மா காரின் மேலிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டிருந்தார். உருவியதை இழுத்துக்கொண்டு மழையில் வந்தார். தூளியில் கிடந்த பெண்ணின் மேல் அதைப் போர்த்தி, தலைமாட்டில் நனையாமல் சொருகிவிட்டார். சிற்றம்பலத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய்விட்டார்.

கார் மழையில் திறந்து கிடந்தது. சிற்றம்பலம் சாவியை எடுக்க ஓடினார்.

பின் இருக்கையில் மாதேவியைச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். தலை ராசம்மாவின் மடியில். சடையன் முன்னால் ஏறினான். தூக்கி வந்தவர்களில் இரண்டு பேர் கடைசி இருக்கையில் ஏறிக்கொண்டார்கள், வழியில் மரம் கிரம் விழுந்திருந்தால் நகர்த்த ஆள் வேண்டும் என்று. மாதேவிக்கு வலி வந்து வந்து போயிற்று. வரும்போது ராசம்மாவின் கையைப் பிடித்து முறுக்கினாள். போகும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓடை வளைவு வந்தது. மழைத் தண்ணீரில் எது பள்ளம், எது பாதை என்று தெரியவில்லை. சிற்றம்பலம் வேகத்தைக் குறைத்தார். குறைத்த உடனே, சடையன் தன் பக்கத்துக் கதவைத் திறந்தான். பின்னால் இருந்தவர்களும் இறங்குவதற்கு எழுந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கை தானாகப் போயிற்று.

"யாரும் இறங்காதீங்க" என்றார் சிற்றம்பலம். "கதவை மூடு சடையா. மூடு."

முதல் கியரில் விட்டார். முன்சக்கரம் தண்ணீருக்குள் இறங்கியது.

டொக்.

இடது பக்கம் ஏறியது, வலது பக்கம் இறங்கியது. மறுபடி டொக். கல்லில் ஏறி இறங்கும்போது அடியில் ஏதோ முறுக்கிக்கொண்டு முனகியது. பின்னாலிருந்து அலறல் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். வண்டி ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறித் தார்ப்பாதைக்கு வந்தது. அலறல் வரவில்லை. டொக் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

அதற்கப்புறம் நிறைய வளைவுகள். அடிவாரத்து விளக்குக் கம்பம் தெரிகிற தூரம் வந்தபோது மாதேவி கண்ணைத் திறந்தாள்.

"பள்ளம் வந்துடுச்சா சாமி?" என்று கேட்டாள். "நான் இறங்கணுமா?"

ராசம்மாதான் சொன்னாள், அதெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு, பேசாமல் படு என்று. சிற்றம்பலத்துக்குக் கண் மறைத்தது. மழை என்று நினைத்துக் கண்ணாடி துடைப்பானை வேகமாக வைத்தார். அப்படியும் மறைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார். பெண் குழந்தை. கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் வந்தது, ஆனால் தாயும் பிள்ளையும் நலம். இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். சிற்றம்பலம் அதைக் கேட்க நிற்காமல் வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மலையேறி வந்தார். வரும்போதும் ஓடையில் நிற்கவில்லை. சத்தம் முழு வழியும் கேட்டது. காரை நிறுத்திவிட்டு, தார்ப்பாயைத் தேடாமல், நேராக அம்மாவிடம் வந்தார். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

குழந்தை பிறந்த சேதியைச் சொன்னார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. யார் ஜாடை என்று கேட்டார். சடையனின் மூக்கு என்றார் சிற்றம்பலம். கொஞ்ச நேரம் அவரும் உட்கார்ந்து மொச்சை உரித்தார். மலையில் வீடு வீடாகப் போய் வியாழக்கிழமைக்கு யார் யார் வரவேண்டும் என்று கேட்டுவரப் போவதாகச் சொன்னார். பள்ளத்தில் யாரும் இறங்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். அம்மா தலையாட்டினார்.

ஆனால் எழுந்து போகவில்லை. உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம், ஒரே நாளில் போய்விடுமா?

"அம்மா, சத்தம் மறுபடி வந்துடுச்சு."

"நீங்க வளைவு ஏறும்போதே கேட்டுது ஐயா."

"அனீபாகிட்ட காட்டிட்டேன். ஓட்டறதுக்கு ஆபத்து இல்லை, ஆனா புஷ் போயிடுச்சு, வியாழக்கிழமைக்குள்ள மாத்தித் தரேன்னார். மாத்திடலாம். ஆனா அந்தப் பள்ளத்துல ஆளோட இறங்கி ஏறினா அதுவும் தேயும்."

"தேயும்."

"அப்புறம் திரும்பவும் மாத்தணும்."

"மாத்தணும்."

"அப்படின்னா இந்த வண்டியை எப்படிம்மா நம்பறது?"

அம்மா கையிலிருந்த மொச்சையைக் கீழே வைத்தார்.

"நேத்து பள்ளத்தைத் தாண்டினது அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"அதுக்குத் தெரியவே இல்லைம்மா. தாண்டி ரொம்ப தூரம் வந்தப்புறம்தான், பள்ளம் வந்துடுச்சா, இறங்கணுமான்னு கேட்டுது."

"அப்ப வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா.